முத்துலட்சுமி அம்மையார்

திருச்சிராப்பள்ளிக்கும் காரைக்குடிக்கும் இடையே அமைந்துள்ள புதுக்கோட்டை, முற்காலத்தில் ஒரு தனியரசின் தலைநகராய் விளங்கியது. தொண்டைமான் மரபினர் அதனை ஆண்டுவந்தனர். நாற்புறமும் ஆங்கிலேயர் ஆட்சி பரவியிருந்த காலத்திலும், அம்மன் காசு என்னும் தனக்கே உரிய நாணயத்தை அச்சிற்றரசு வழங்கிவந்தது. 1948 ஆம் ஆண்டில் அது இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 முதல் தனி மாவட்டமாக இலங்குகின்றது. 1886 ஆம் ஆண்டில் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தம் சிறுபருவத்திலேயே அவ்வரசின் அரியணைக்கு உரியவரானார். அதே ஆண்டு ஜூலைத் திங்கள் 30 ஆம் நாள் அந்நகரில் ஒரு பெண்மகவு பிறந்தது. முத்துலட்சுமி என்பது அதற்கு இட்ட பெயர். மன்னர் வாழ்வும் அம்மகவின் வாழ்வும் பின்னாளில் ஒரு கல்லூரி வாயிலில் வந்து சந்திக்க இருந்தன.

தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித்துறையில் பெயர்பெற்றவர். மகாராஜா கல்லூரியின் தலைமைப் பொறுப்பை வகித்தவர். தாயார் சந்திரம்மாள், பெண்களைக் கோயிற்பணிக்கெனப் பொட்டுக்கட்டி விடும் வழக்கமுடைய மரபிலே தோன்றியவர். இவ்விருவரும் இணைந்து இல்லறம் நடத்தியதை ஐயரின் சுற்றத்தார் ஏற்கவில்லை. அவரைத் தம் குடும்பத்தினின்றும் விலக்கி வைத்தனர். ஆகவே முத்துலட்சுமி, அன்பு நிறைந்ததாயினும் ஊரார் ஒரு கண்ணாற் சாய்த்துப் பார்க்கும் இல்லமொன்றில் வளர்ந்தார். தாய்வழி மரபிற் பெண்கள் படும் இன்னலை அவர் ஏட்டிலே படித்து அறியவில்லை. வீட்டிலேயே கண்டு அறிந்தார். பின்னாளில் சட்டமன்றத்தில் அவர் தொடங்கிய போருக்கு வேர் இங்கேதான் ஊன்றியது எனலாம்.

மருத்துவ வரலாற்றிலும் 1886 குறிக்கத்தக்க ஆண்டாகும். மராட்டிய நாட்டு ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவிலும், வங்கத்துக் காதம்பினி கங்குலி கல்கத்தாவிலும் மருத்துவப் பட்டம் பெற்றது அவ்வாண்டிலேதான். சென்னை மருத்துவக் கல்லூரியோ, அதற்கும் முன்னர், 1875 ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் முதலிய நான்கு பெண்டிரைச் சேர்த்துக்கொண்டது. ஆதலால் இந்தியாவின் முதற்பெண் மருத்துவர் முத்துலட்சுமியே என்று சிலர் எழுதுவது பொருந்தாது. அவர் பெருமைக்கு அத்தகைய மிகைப்பட்டம் வேண்டுவதும் இல்லை.

பெண்குழந்தைகள் பருவம் எய்தியதும் பள்ளியை விட்டு நீங்குதல் அக்காலத்து வழக்கம். முத்துலட்சுமிக்கும் அந்நாள் வந்தது. ஆனால் கல்வி நிற்கவில்லை. தந்தையாரும் ஆசிரியர் சிலரும் வீட்டிலேயே அவருக்குப் பாடம் கற்பித்தனர். உலகியல் அறிந்த தாயாரோ, மகளுக்கு ஏற்ற இடத்தில் மணம் முடித்துவிடுதலே நலம் என்று எண்ணினார். மகள் அதற்கு இசையவில்லை. வீட்டிலிருந்தபடியே பயின்று, 1902 ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேர்விலே தேறினார். ஒரு பெண் அத்தேர்வில் தேறிய செய்தி அவ்வூரில் வியப்பையும் முணுமுணுப்பையும் ஒருசேர எழுப்பியது.

முணுமுணுப்புக்குக் காரணம் பல. சாதி ஒன்று, ஊர்வழக்கம் ஒன்று. இவற்றினும் நுண்ணியதாய், அறிவின் போர்வை போர்த்து வந்த காரணம் ஒன்றும் உண்டு. பெண்ணின் உடல் மெல்லியது. நெடும்படிப்பின் பாரத்தை அது தாங்காது என்பதே அது. இதனைக் கல்லாதார் கூற்றென்று தள்ளிவிட இயலாது. மேனாட்டுப் பேராசிரியர்களே அதனை முழங்கினர். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியிற் பணியாற்றிய எட்வர்டு கிளார்க் என்பார், 1873 ஆம் ஆண்டில் இப்பொருள்பற்றி ஒரு நூலே எழுதினார். வளரும் பருவத்துப் பெண் ஆணைப்போல் இடைவிடாது பயின்றால், உடலின் ஆற்றலெல்லாம் மூளைக்குச் சென்றுவிடும் என்றும், தாய்மைக்குரிய உறுப்புகள் குன்றிப்போகும் என்றும் அவர் வாதிட்டார். இதற்கு அவர் காட்டிய சான்று, தம்மிடம் வந்த நோயாளிகள் சிலரின் வரலாறே. அமெரிக்கப் பெண் மருத்துவர் மேரி புட்னம் ஜேக்கபி, பெண்கள் பலரிடம் வினாக்கள் கேட்டு விடைகளைத் தொகுத்து, கிளார்க்கின் கூற்று பிழையென நிறுவும் கட்டுரையொன்றை எழுதினார். எழுதியவர் பெயர் அறியாமலே ஆய்ந்த நடுவர்கள் 1876 ஆம் ஆண்டில் ஹார்வர்டின் பரிசையே அதற்கு அளித்தனர். ஆயினும் என்ன? மறுப்புக் கட்டுரை நூலகத்தில் உறங்கியது. கிளார்க்கின் கருத்தோ கடல் கடந்து உலவியது.

முத்துலட்சுமி இயல்பிலேயே உடல்வலிமை மிக்கவர் அல்லர். இளமையில் அடிக்கடி நோய்வாய்ப்பட்டவர். ஆகவே அவ்வாதத்திற்கு வாழும் சான்றாக அவரையே எவரும் சுட்டியிருக்கக்கூடும்.

இந்நிலையில் 1904 ஆம் ஆண்டு, புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிற் சேர அவர் விண்ணப்பம் செய்தார். ஆடவர் மட்டுமே பயின்றுவந்த கல்லூரி அது. பெண்ணொருத்தியைச் சேர்த்தால் இளைஞர் ஒழுக்கம் கெடும் என்று சிலர் கூறினர். அவருடைய தாயார் பிறந்த மரபை நினைவூட்டிச் சிலர் தடுத்தனர். வழக்கு மன்னரிடம் சென்றது. மேனாட்டுப் பழக்கங்களை நன்கறிந்திருந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், எதிர்ப்புகளை ஒதுக்கிவிட்டு, அவரைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார்; படிப்பிற்கு உதவித்தொகையும் வழங்கினார். திரையிட்ட வண்டியிலே முத்துலட்சுமி கல்லூரிக்குச் சென்றுவந்தார். ஆடவர் கூட்டத்திடையே தனியொரு பெண்ணாக அமர்ந்து பாடம் கேட்டார். ஒவ்வொரு நாளும் அவ்வாயிலைக் கடந்து உள்ளே செல்வதற்கு எவ்வளவு மனத்திண்மை வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப்பார்த்தல் நன்று. தேர்வு எழுதுவது ஒருநாட் சோதனை. பலர் நோக்கும் பார்வையைத் தாங்குவதோ நாடோறும் நிகழும் சோதனை. அவர் இரண்டிலும் தேறினார்.

1907 ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே அவர் கழித்த ஐந்தாண்டுகள், மனித உடலைப்பற்றிய அறிவு விரைந்து மாறிவந்த ஆண்டுகளாகும். அம்மாற்றத்துள் ஒன்று ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. ஆதலின் அதனைச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும்.

நம் சிறுநீரகங்கள் இரண்டன் மேலும், தொப்பி கவிழ்த்தாற்போல, இரு சிறு சுரப்பிகள் அமைந்துள்ளன. அட்ரினல் சுரப்பிகள் என்பது அவற்றின் பெயர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 அல்லது 5 கிராம் எடையே உடையது. உருவிற் சிறிதாயினும் அதனுள் இரு வேறு பகுதிகள் உண்டு. அகப்பகுதி அட்ரினலின் என்னும் நீரைச் சுரக்கும். புறப்பகுதி கார்ட்டிசால் முதலிய நீர்களைச் சுரக்கும். இவை குழாய் வழியே செல்லாமல் குருதியிலே நேரே கலந்து உடலெங்கும் பரவுகின்றன. இவ்வாறு பரவி உறுப்புகளை ஏவும் நீர்களுக்கு ஹார்மோன் என்னும் பெயரை இங்கிலாந்து அறிஞர் ஸ்டார்லிங் 1905 ஆம் ஆண்டில் வழங்கினார். அதற்கு நான்காண்டு முன்னரே, ஜப்பானியராகிய தக்கமினே அட்ரினலினைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்திருந்தார்.

இடர் வந்துழி இச்சுரப்பி என் செய்கின்றது? முத்துலட்சுமி பட்டம் பெறுவதற்கு ஓராண்டு முன்னர், 1911 ஆம் ஆண்டில், வால்டர் கானன் என்னும் அறிஞரும் அவர்தம் உடனாய்வாளரும் இதனை ஆராய்ந்தனர். பூனையொன்றின் எதிரே நாயைக் குரைக்கச் செய்து, பின் அப்பூனையின் குருதியை எடுத்துச் சோதித்தனர். அமைதியாயிருந்தபோது காணப்படாத அட்ரினலின், அச்சமுற்றபின் அதிலே காணப்பட்டது. நெஞ்சு விரைந்து துடித்தல், மயிர் சிலிர்த்தல், கல்லீரலிலுள்ள சர்க்கரை குருதியிற் கலத்தல் ஆகிய யாவும், எதிர்த்துப் போரிடவோ தப்பியோடவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தங்கள் என்று கானன் விளக்கினார். பெண்ணுடல் பாரம் தாங்காது என்று கிளார்க் எழுதிய அதே ஹார்வர்டிலேதான் இவ்வாய்வும் நடந்தது. கிளார்க் ஊகித்தார், கானன் அளந்தார். இருவருக்குமிடையே உள்ள வேறுபாடு இதுவே.

1912 ஆம் ஆண்டில் முத்துலட்சுமி மருத்துவப் பட்டமும் பரிசுகளும் பெற்று வெளிவந்தார். சென்னை அரசு மகப்பேற்று மருத்துவமனையில் இல்ல அறுவை மருத்துவராகப் பணியேற்ற முதற்பெண் அவரே. 1914 ஏப்ரல் திங்களில் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைத் தமக்கு நிகராக என்றும் மதித்தல் வேண்டும், தம் விருப்பத்திற்குக் குறுக்கே நிற்றல் கூடாது என்று மணமகள் முன்கூட்டியே உறுதி கேட்டதும், மணமகன் மனமுவந்து அதனை அளித்ததும் அக்காலத்திற்குப் புதுமை. அவ்வுறுதியைச் சுந்தர ரெட்டி இறுதிவரை காத்தார். புதல்வர் இருவர் பிறந்தனர். இல்லறமும் மருத்துவமும் ஒருங்கே நடந்தன.

1923 ஆம் ஆண்டில் ஒரு பேரிடி விழுந்தது. அவர்தம் தங்கையார் வயிற்றுக் கடுப்பென்று கருதி மருந்துண்டு வந்தார். நோய் தணியவில்லை. பின்னரே அது மலக்குடலிற் கண்ட புற்றுநோய் எனத் தெரியவந்தது; அப்போது காலம் கடந்துவிட்டது. தமக்கை மருத்துவராய் இருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லை. இத்துயரம் அம்மையாரின் நெஞ்சை விட்டு நீங்கவேயில்லை.

1925 ஆம் ஆண்டில் அரசின் உதவித்தொகை பெற்று இலண்டன் சென்று, செல்சியில் உள்ள மகளிர் மருத்துவமனையில் மேற்பயிற்சி பெற்றார். மறு ஆண்டு பாரிசு நகரில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டிலும் கலந்துகொண்டு தாயகம் திரும்பினார்.

திரும்பிய சில திங்களில், 1926 ஆம் ஆண்டின் இறுதியில், அரசு அவரைச் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக நியமித்தது. மருத்துவத் தொழிலுக்கு ஊறு நேருமோ என்று முதலில் அவர் தயங்கினார். நண்பர் வற்புறுத்தலால் ஏற்றார். ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட இந்தியாவில் சட்டமன்றத்தில் அமர்ந்த முதற்பெண் அவரே. 1927 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உறுப்பினர் அனைவரும் ஒருமனதாக அவரைத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அம்மன்றத்திலே அவரையன்றி வேறு பெண் எவரும் இல்லை. புதுக்கோட்டைக் கல்லூரி வகுப்பறை, பெரிய அளவில் மீண்டும் அவர்முன் தோன்றியது போலும்!

அறிமுகமற்றோர் பலர் முன் எழுந்து நின்று பேசுவதைக் காட்டிலும் உள்ளத்தை நெருக்கும் செயல் பிறிதில்லை என்பதை இக்கால அறிஞரும் ஒப்புவர். நெருக்கடியில் மனிதவுடல் படும் பாட்டை அளத்தற்கு, செருமனியின் டிரையர் நகரத்து அறிஞர்கள் 1993 ஆம் ஆண்டில் வகுத்து வெளியிட்ட சோதனை இதனையே அடிப்படையாகக் கொண்டது. முகத்தில் எக்குறிப்பும் காட்டாத நடுவர் முன் ஒருவரை ஐந்து நிமிடம் பேசச் செய்வர். பின் ஐந்து நிமிடம் 1022 என்னும் எண்ணிலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாக உரக்கக் கழித்துவரச் சொல்வர். தவறினால் முதலிலிருந்து தொடங்கல் வேண்டும். முன்னும் பின்னும் உமிழ்நீரை எடுத்து, அதிலுள்ள கார்ட்டிசாலை அளப்பர்.

கார்ட்டிசால் அட்ரினலினைப்போல் நொடியில் பாய்வதன்று. மூளையின் அடிப்பகுதி பிட்யூட்டரிச் சுரப்பியை ஏவ, அது அட்ரினலின் புறப்பகுதியை ஏவ, சிறிது நேரங்கழித்தே அது குருதியிற் பெருகும். நெருக்கடி நீடிக்கும்போது உடலுக்கு எரிபொருள் தருவதும், வீக்கத்தை அடக்குவதும் அதன் தொழில். அளவோடு சுரந்து அடங்கினால் அது காவலன். அடங்காது நெடுநாள் சுரப்பின் தானே பகைவனாகும். கனடாவில் ஹான்ஸ் செலி என்பார் 1936 ஆம் ஆண்டில் இவ்வுண்மையின் ஒரு பகுதியைத் தற்செயலாகக் கண்டார். சூற்பையிலிருந்து எடுத்த சாற்றில் புதிய ஹார்மோன் ஒன்றைத் தேடி, அதனை எலிகளுக்குச் செலுத்தினார். எலிகளின் அட்ரினல் பருத்தது, கழுத்தடியிலுள்ள தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பை புண்பட்டது. வேறு எச்சாற்றைச் செலுத்தினும், குளிரில் வைப்பினும், மிகையாக ஓடச் செய்யினும் அதே விளைவு. எவ்வகை இடருக்கும் உடல் தரும் பொதுவிடை இது என அவர் தெளிந்தார்.

அப்பொதுவிடை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவினதா? கிளார்க் காலத்து வினாவுக்கு முறையான விடை இங்கேதான் தொடங்குகின்றது. 1961 ஆம் ஆண்டில் ஜூலியன் கிட்டே என்னும் அமெரிக்க அறிஞர், பெண்ணெலியின் அட்ரினல் ஆணெலியினதைவிட மிகுதியாகச் சுரக்கின்றது என அளந்து காட்டினார். பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் அச்சுரப்பைத் தூண்டுகின்றது. ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோன் அதனைத் தணிக்கின்றது. எலியளவில் செய்தி தெளிவாகவே உள்ளது. ஆனால் எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே ஏற்றிவிடலாகாது. டிரையர் சோதனையில் பெரும்பாலும் ஆடவரின் உமிழ்நீரிலேதான் கார்ட்டிசால் மிகுதியாக உயர்கின்றது! மகளிரிலும் மாதச்சுழற்சியின் பிற்பாதியில் இருப்போர் ஏறத்தாழ ஆடவரை ஒத்தும், முற்பாதியில் இருப்போர் குறைந்தும் காணப்படுகின்றனர். மகப்பேற்றுத் தடை மாத்திரை உண்போரிடம் அவ்வுயர்வு மேலும் குறைகின்றது. ஈஸ்ட்ரோஜன் மிகும்போது, குருதியில் கார்ட்டிசாலைப் பற்றி வைத்துக்கொள்ளும் புரதமும் மிகுதல் இதற்கு ஒரு காரணம். பற்றப்பட்டது செயற்படாது, உமிழ்நீரிலும் வாராது. கருவுற்ற தாயிடமோ, கார்ட்டிசாலின் பொதுவளவு திங்கள்தோறும் உயர, புதிய நெருக்கடிக்கு எழும் மிகைச் சுரப்பு மங்கிவிடுகின்றது.

நெருக்கடியின் வகையும் விளைவை மாற்றுகின்றது. 2002 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், கணக்கு முதலிய திறன்சோதனைகள் ஆடவரின் சுரப்பை மிகுதியாக உயர்த்தின. உடனிருப்போர் பேச்சிலே சேர்க்காமல் ஒதுக்கிவைத்தல் மகளிரின் சுரப்பை மிகுதியாக உயர்த்தியது. இவற்றையெல்லாம் நோக்கின், வேறுபாடு உண்மை. ஆனால் அது வலிமை, மென்மை என்னும் இரு சொல்லில் அடங்குவதன்று என்பது புலனாகும். உயர்ந்த அளவு வலிமைக்கோ தாழ்ந்த அளவு மென்மைக்கோ அடையாளம் ஆகாது. இவ்வாய்வுகள் இத்துணைக் காலம் தாழ்த்து வந்ததற்கும் காரணம் உண்டு. பெண் விலங்குகளின் சுழற்சி கணக்கைக் குழப்பும் என்று கருதி, ஆய்வாளர் பன்னெடுங்காலம் ஆண் விலங்குகளையே தேர்ந்தெடுத்துச் சோதித்தனர். பெண்ணுடலைப்பற்றித் தீர்ப்புச் சொல்ல முந்தியவர்கள், அதனை அளக்க மட்டும் பிந்தினார்கள்.

அம்மையார் மன்றத்தில் எழுந்து நின்றபோது அவர் உடலில் எது எவ்வளவு சுரந்தது என்பதை எவரும் அளந்ததில்லை. என்ன பேசினார், என்ன செய்தார் என்பதற்கு மட்டும் மன்றக் குறிப்புகள் சான்றாக உள்ளன. மருத்துவர் என்ற முறையில், சிறுமியர் தாயராவதால் விளையும் கேட்டைக் கண்கூடாகக் கண்டிருந்தவர் அவர். ஆதலின் மணவயதை உயர்த்தல் வேண்டுமென வாதாடினார். 1927 நவம்பர்த் திங்களில், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்னும் தீர்மானத்தைக் கொணர்ந்தார். தீர்மானம் நிறைவேறியது, எதிர்ப்பும் எழுந்தது.

எதிர்த்தவர் யாவரும் தீயவர் என்று கருதுதல் வரலாற்றுக்கு முரணாகும். திருமயத்திற் பிறந்து, புதுக்கோட்டைக் கல்லூரியிலேயே பயின்று, விடுதலைப் போரிற் பெரும்பங்கு கொண்ட சத்தியமூர்த்தி அவர்களுள் ஒருவர். ஓர் ஊர்ப்புறத்தார் இருவர் ஒரு மன்றத்தில் எதிரெதிர் நின்றனர். இசையிலும் கல்வியிலும் சிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலிய பெண்டிரும், தம் கலைவாழ்வும் உரிமையும் பறிபோகும் என அஞ்சி அரசுக்கு விண்ணப்பித்தனர். அவர்தம் அச்சம் முற்றும் பொய்யானதும் அன்று. மற்றொருபால் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், அதே மரபின் துன்பத்தைத் தாமே அனுபவித்தவர், ஊர்தோறும் சென்று முத்துலட்சுமியின் பக்கம் மக்களைத் திரட்டினார். அறியாப் பருவத்துச் சிறுமியின் வாழ்வை அவளைக் கேளாமலே முடிவு செய்தல் முறையன்று என்பதே முத்துலட்சுமியின் நிலை. அதில் அவர் தளரவில்லை. 1929 ஆம் ஆண்டில், கோயில் மானிய நிலங்களைப் பணியினின்று விடுவித்து அப்பெண்டிருக்கே உரிமையாக்கும் சட்டத் திருத்தம் நிறைவேறியது. பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் சட்டம் நிறைவேற 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதற்குள் அவர் மன்றத்தைவிட்டு வெளியேறியிருந்தார். 1930 ஆம் ஆண்டு உப்பு அறப்போரில் காந்தியடிகள் சிறைப்பட்டதும், அதனைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே, பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு அஞ்சி ஓடிவந்த இளம்பெண்கள் சிலர் அடைக்கலம் தேடி அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன. அம்மையார் தம் இல்லத்திலேயே அவர்களை வைத்துக்கொண்டார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்து, பின்னர் அடையாற்றில் நிலைபெற்றது. சட்டம் செய்வது எளிது. சட்டத்தால் விடுதலை பெற்றவளுக்கு மறுநாட் காலை உணவும், தலைக்குமேற் கூரையும், படிக்க ஒரு பள்ளியும் யார் தருவது? இவ்வினாவை எதிர்கொண்ட சீர்திருத்தக்காரர் அக்காலத்தில் மிகச் சிலரே.

தங்கையை இழந்த புண்ணோ ஆறாமலே இருந்தது. 1935 ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று வேண்டும் என்னும் தம் விருப்பத்தை வெளியிட்டார். அந்நோய் வந்தவர் இறப்பது உறுதி, அவருக்கு மருத்துவமனை எதற்கு என்னும் எண்ணம் அறிந்தோரிடையேயும் பரவியிருந்த காலம் அது. அம்மையார் இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டினார். புதல்வர் கிருஷ்ணமூர்த்தி புற்றுநோய் அறுவையில் தேர்ச்சி பெற்று உடன்நின்றார். 1952 அக்டோபர் 10 ஆம் நாள் அடையாற்றில் நேரு பெருமகனார் அடிக்கல் நாட்டினார்.

அட்ரினல் சுரப்பி இங்கும் வந்து குறுக்கிடுதல் வியப்பேயாகும். அந்த 1952 ஆம் ஆண்டிலேதான் சிகாகோ நகரத்துச் சார்லஸ் ஹக்கின்ஸ், முற்றிய மார்பகப் புற்றுநோயுற்ற பெண்டிருக்கு அட்ரினல் சுரப்பிகளை எடுத்துவிடும் அறுவையின் பயனை வெளியிட்டார். மாதச்சுழற்சி நின்ற பின்னரும், அட்ரினல் தரும் மூலப்பொருளிலிருந்து பெண்ணுடலில் ஈஸ்ட்ரோஜன் உண்டாகின்றது. சிலவகைக் கட்டிகள் அதனையே உண்டு வளர்கின்றன. சுரப்பியை நீக்கவே சிலருக்குக் கட்டி சுருங்கியது. சுரப்பியின்றி மனிதர் வாழ்தல் அரிதாயினும், அக்காலத்தில் புதிதாகக் கிடைத்த கார்ட்டிசோன் மருந்து அவ்வுயிர்களைத் தாங்கியது. பிற்காலத்தில் மருந்துகளே அவ்வேலையைச் செய்யலாயின, அறுவை வழக்கொழிந்தது. பெண்ணுடலின் வேறுபாடு, அவளைக் கல்லூரி வாயிலில் தடுப்பதற்கன்றி, அவள் உயிரைக் காப்பதற்குப் பயன்பட்டது இவ்வாறுதான்.

1954 ஜூன் 18 ஆம் நாள், பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் தன் பணியைத் தொடங்கியது. அப்போது அம்மையாருக்கு வயது 67. மறு ஆண்டு அங்கே பணிக்கு வந்த இளம் மருத்துவர் சாந்தா, 2021 ஆம் ஆண்டு தம் இறுதி வரை அந்நிலையத்திற்கே உழைத்தார். 1956 ஆம் ஆண்டு இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1968 ஜூலை 22 ஆம் நாள், எண்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கையில், சென்னையில் அவர் காலமானார். தமிழக அரசு ஏழைத் தாய்மாருக்கு வழங்கும் மகப்பேற்று உதவித் திட்டம் அவர் பெயரால் நடைபெறுகின்றது. அவர் பிறந்த ஜூலை 30 ஆம் நாள், 2019 முதல் தமிழகத்தில் மருத்துவமனை நாளாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது. அவர் திரையிட்ட வண்டியிற் சென்றுவந்த கல்லூரி, மாமன்னர் கல்லூரி என்னும் பெயரோடு புதுக்கோட்டையில் இன்றும் நடைபெறுகின்றது. அங்கே மாணவரும் மாணவியரும் ஒருங்கிருந்து பயில்கின்றனர்.